பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் வரை பாய்மரப் படகில்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே பாய்விரித்துப் போவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அக்கா, இரவு பகலாக ஓடிக்கொண்டே இருப்பீர்களா?

இல்லை, பெரும்பாலும் பகல் ஓட்டம்தான். மணிக்கு 5 கடல் மைல் போனாலே ஒரு பகலில் 40 மைல் தாண்டலாம். விடியுமுன் கிளம்பி, மூன்று மணிக்குள் நங்கூரம் போடப் பார்ப்போம். வெயில் சாய்ந்துவிட்டால் தண்ணீருக்கடியில் இருக்கும் பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது.

எந்த மாதம் கிளம்பலாம்?

மே கடைசி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று எதிரே வரும், அதற்குக் கூடுதல் நாள் வேண்டும்.

இரவில் நிம்மதியாகத் தூங்க முடியுமா மேடம்?

நங்கூரச் சங்கிலியைச் சரியாக விட்டிருந்தால் முடியும். புதியவர்கள் இதில்தான் அதிகக் கவனம் வைக்க வேண்டும். வழியில் வரும் மக்கேய் ஊர்ப் பக்கம் கடல் 6 மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றத்தில் 4 மீட்டர் ஆழம் பார்த்து, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி என்ற கணக்கில் 20 மீட்டர் விட்டுவிட்டுப் படுத்தால், நள்ளிரவு ஏற்றத்தில் ஆழம் 10 மீட்டர் ஆகிவிடும். இப்போது சங்கிலி இரண்டு மடங்குதான். காற்று கொஞ்சம் பலத்தாலும் நங்கூரம் பெயர்ந்து, படகு பாறைப் பக்கம் நகரும். அதனால் ஏற்றத்து ஆழத்தோடு படகு முகப்பின் உயரம் ஒரு மீட்டரையும் கூட்டுங்கள்: 11 மீட்டர், ஐந்து மடங்கு, 55 மீட்டர். அவ்வளவு சங்கிலி விட்டால் படகு சுற்றிவரவும் இடம் வேண்டும், பக்கத்துப் படகை ஒட்டி நிற்காதீர்கள். அப்புறம், தீவின் மறைவில் நின்றாலும் சில இரவுகள் அலை வளைந்து வந்து ஆட்டும். அன்று தூக்கம் குறைவுதான்.

குளியல்?

கடல் தண்ணீரில் குளித்து, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர். பாத்திரத்துக்கும் அப்படியே. வழியில் வரும் கிளாட்ஸ்டன் துறைமுகத்துக்கு வடக்கே கழிமுகங்களில் முதலை உண்டு. அங்கே இறங்கவே வேண்டாம், வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா அக்கா?

வைக்கலாம், ஆனால் பெரிய மீன் வேண்டாம். பவளப்பாறை மீன்களில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேர்கிறது. மீன் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடும். நம் வஞ்சிரமும் இதில் சேர்த்தி. கொதிக்க வைத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் அது போகாது, ருசியிலும் தெரியாது. வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறித்த இடத்தில் தூண்டிலே போடக்கூடாது.

திமிங்கிலத்தைப் பக்கத்தில் பார்க்கலாமா?

ஜூனிலிருந்து நிறைய வரும். 100 மீட்டருக்குள் நாம் நெருங்கக்கூடாது, குட்டியோடு இருந்தால் 300 மீட்டர். அதுவே நம்மை நோக்கி வந்தால் வேகத்தைக் குறைத்து வழிவிடுங்கள்.