கிரிப்டோ விளம்பர வேலை: ஆஃபர் லெட்டரில் என்ன பார்ப்பது?

மகனுக்கு ஒரு கிரிப்டோ ப்ராஜெக்ட்டில் சோஷியல் மீடியா விளம்பர வேலை கிடைத்திருக்கிறது, விடலாமா தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். ஆனால் சேருவதற்கு முன் ஆஃபர் லெட்டரை அவனோடு உட்கார்ந்து படியுங்கள்.

சம்பளம் எதில் வருகிறது? இந்தத் துறையில் சம்பளத்தில் ஒரு பகுதியை டோக்கனாக, அதாவது அந்த ப்ராஜெக்ட் தானே வெளியிடும் கிரிப்டோ நாணயமாகத் தருவது வழக்கம். அதையும் மாதக்கணக்கில் பூட்டி வைத்துத்தான் விடுவிப்பார்கள். அதற்குள் விலை சரிந்தால் கேட்க நாதியில்லை. மாதச் செலவுக்கு வேண்டியது பணமாக வரட்டும். டோக்கன் வந்தால் லாபம் என்று இருங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது சட்டத்தைப் பற்றித்தான். எத்தீரியம்மேக்ஸ் என்ற டோக்கனுக்காக அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் இன்ஸ்டாகிராமில் போட்ட பதிவில், விளம்பரம் என்பதைக் குறிக்கும் '#AD' என்ற ஹேஷ்டேக் இருந்தது. அது போதாது, 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றது அமெரிக்காவின் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி. 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார். பிரிட்டனில் 2023 அக்டோபர் 8 முதல், அங்குள்ள விதிப்படி அனுமதி பெறாத கிரிப்டோ விளம்பரத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. நிறுவனம் வேறு நாட்டில் இருந்தாலும், விளம்பரம் பிரிட்டன் மக்களைச் சென்றடைந்தால் விதி பொருந்தும். ஆகவே எந்தெந்த நாட்டுக்கு விளம்பரம் போகிறது, வாசகத்தைச் சட்டம் தெரிந்த யார் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள் என்று அவன் இன்டர்வியூவிலேயே கேட்கட்டும். கேள்வி கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்தில் வேலை பார்த்து என்ன பயன்?

இன்னொன்று. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் கிரிப்டோ விளம்பரங்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூனில் முன் அனுமதியோடு பலவற்றுக்குக் கதவைத் திறந்தது. அந்த அனுமதி வாங்காத சில நிறுவனங்கள், "உன் சொந்த ஆட் அக்கவுன்டில் எங்கள் விளம்பரத்தை ஓட்டு, செலவைத் தந்துவிடுகிறோம்" என்பார்கள். விளம்பரத்தைப் பரிசோதிக்கும் ஃபேஸ்புக்குக்கு ஒரு பக்கம், பொதுமக்களுக்கு வேறு பக்கம் காட்டச் சொல்கிறவர்களும் உண்டு. மாட்டினால் முடங்குவது உங்கள் மகனின் அக்கவுன்ட். அடுத்த வேலைக்கும் அது வேண்டும். இந்த இரண்டில் எதைக் கேட்டாலும் சேர வேண்டாம்.

மற்றபடி தொழில் நல்ல தொழில். யாருக்கு விளம்பரம் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் டார்கெட்டிங், ஒரு கிளிக்குக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது, டெலிகிராம் குழுவை நடத்துவது எல்லாம் எந்தத் துறைக்குப் போனாலும் செல்லும். ரெஸ்யூமேயில் மட்டும் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட வேண்டாம். இலவச டோக்கனுக்காகச் சேர்ந்தவர்களும் பாட்களும் (தானாக இயங்கும் போலி அக்கவுன்ட்கள்) அதில் எவ்வளவு என்பது வேலைக்கு எடுப்பவர்களுக்குத் தெரியும். இலவசம் தீர்ந்த பிறகு எத்தனை பேர் தங்கினார்கள் என்ற கணக்கை முதல் மாதத்திலிருந்தே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.