கதையைத் திருப்பி எழுதுவது பொய்யாகுமா?

உங்கள் வாழ்க்கைக் கதையைத் திருப்பி எழுதும்படி உளவளத்துணையாளர் சொன்னதாகவும், அது பொய்யாகிவிடுமோ என்று தயங்குவதாகவும் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, நீங்கள் பொய் எழுதவில்லை. இரண்டு முறை உயர்தரப் பரீட்சை எழுதியும் பல்கலைக்கழகம் கிடைக்காமற் போனது நடந்த சம்பவம். அதை அழிக்கும்படி எவரும் கேட்கவில்லை. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பது அச்சம்பவத்தின்மேல் பிறகு ஏற்றப்பட்ட விளக்கம். உங்கள் உளவளத்துணையாளர் திருப்பி எழுதச் சொல்வது அந்த விளக்கத்தைத்தான்.

1980களில் ‘கதைவழிச் சிகிச்சை’ (narrative therapy) எனப்படும் இம்முறையை வளர்த்தெடுத்த அவுஸ்திரேலியரான மைக்கேல் வைற்றும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்ரனும் ஆள் வேறு, பிரச்சினை வேறு என்பதையே அடிப்படையாக வைத்தார்கள். மூன்றாம் பக்கத்தோடு பேனை நின்றுவிடுகிறது என்கிறீர்களே, ஒவ்வொரு வசனமும் ‘நான் தோற்றவன்’ என்றே தொடங்குவது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஒன்றைச் செய்து பாருங்கள். அந்தப் பிரச்சினைக்கு ‘ஊர்வாய்’ என்று ஒரு பெயர் வைத்து, ‘ஊர்வாய் என்னை இப்படி நம்பவைத்தது’ என்று முதற் பக்கத்தை மாற்றி எழுதுங்கள். பிறகு, ஊர்வாய் சொன்னதற்கு மாறாக நடந்த ஒரு நாளைத் தேடுங்கள். பழுதான நீரிறைக்கும் இயந்திரத்தை இரவிரவாகக் கழற்றிப் பூட்டியதாகவும், விடியும்போது வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஓடியதாகவும் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி அதுதான். அந்த வேலையை யாரிடம் பழகினீர்கள், அன்று அதைப் பார்த்தவர் யார், அவரிடம் கேட்டால் உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்று விரித்து எழுதுங்கள்.

எழுதும்போது நித்திரை குழம்பினால், அல்லது சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால், தனியே தொடராதீர்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்; 1926 என்ற இலங்கையின் தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.