அமெரிக்க வீட்டில் சிங்க் டிஸ்போசல்: நம் சமையலுக்கு எது தாங்கும், நாமே மாட்டலாமா?

டெக்ஸாஸில் பழைய வீடு வாங்கியிருக்கிறீர்கள். சிங்குக்கு அடியில் இருக்கும் டிஸ்போசல், அதாவது உணவுக் கழிவை அரைத்துக் குழாயில் தள்ளும் மெஷின், சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. கடையில் அரை ஹெச்.பி.யிலிருந்து ஒரு ஹெச்.பி. வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள், எதை எடுப்பது, நாமே மாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. உறுமுகிறது என்றால் மோட்டாருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பிரேக்கரை அணைத்துவிட்டுச் சிங்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். இன்சிங்கரேட்டர் பிராண்ட் என்றால் அடிப்பாகத்தின் நடுவில் அறுகோண ஓட்டை ஒன்று இருக்கும். அதில் கால் இன்ச் ஆலன் கீயை விட்டு இரண்டு பக்கமும் மாறி மாறித் திருகினால் உள்ளே சுழலும் தட்டு விடுபடும். மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்து, சிக்கியதை இடுக்கியால் எடுங்கள், கையை மட்டும் விடாதீர்கள். நம் வீடுகளில் அகப்படுவது பெரும்பாலும் புளியங்கொட்டை, இல்லாவிட்டால் சின்ன ஸ்பூன். பிறகு அடியில் இருக்கும் சிவப்பு ரீசெட் பொத்தானை அழுத்தி, பிரேக்கரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் செலவு மிச்சம். அடிப்பாகத்திலிருந்தே தண்ணீர் சொட்டுகிறது என்றால் கதை வேறு. உள் சீல் போயிருக்கும், அதற்குப் பணம் செலவழிக்காமல் புதிது வாங்கிவிடுங்கள்.

எதை வாங்குவது என்பதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும். பலர் நினைப்பதுபோல் உள்ளே மிக்ஸி பிளேடு எதுவும் கிடையாது. சுழலும் தட்டின் மேல் இரண்டு உலோகக் கட்டைகள் லேசாக ஆடும்படி பொருத்தியிருக்கும். தட்டு சுற்றும்போது அவை உணவைச் சுற்றுச்சுவரில் இருக்கும் பல் வளையத்தின் மேல் வீசித் தேய்க்கின்றன. ஆகவே மசியக்கூடியது எதுவும் போய்விடும், சின்ன எலும்புகூடப் பொடியாகும். நார் மட்டும் மசியாது. சாம்பாரில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய் நார், கரைத்துப் பிழிந்த புளிச்சக்கை, வாழைத்தண்டு நார், வெங்காயச் சருகு எல்லாம் கட்டைகளைச் சுற்றிக்கொள்ளும், அல்லது அப்படியே குழாய்க்குள் போய் வளைவில் தங்கிவிடும். இரண்டு ஹெச்.பி. மோட்டார் போட்டாலும் இதில் மாற்றம் இருக்காது. "நம் சமையலுக்கு ஒரு ஹெச்.பி. கட்டாயம்" என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான்.

தினமும் சமைக்கும் நான்கைந்து பேர் குடும்பத்துக்கு முக்கால் ஹெச்.பி. தாராளம். ஹெச்.பி.யைவிட முக்கியமாக நான் பார்ப்பது அரைக்கும் பாகங்கள் எதில் செய்தவை என்பதை. இன்சிங்கரேட்டரின் பேட்ஜர் 5 போன்ற அரை ஹெச்.பி. மாடல்கள் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அவற்றின் உள்பாகம் துத்தநாகம் பூசிய இரும்பு. புளியும் உப்பும் தினமும் இறங்கும் வீட்டில் துரு சீக்கிரமே வந்துவிடும். கூடக் கொஞ்சம் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்பாகமும் சத்தத்தைக் குறைக்கும் உறையும் உள்ளதை வாங்குங்கள். சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் வீட்டில் அந்த உறையின் அருமை முதல் நாளே தெரியும். சின்னக் குழந்தைகள் இருந்தால், மூடியைப் பொருத்தினால்தான் ஓடும் பேட்ச் ஃபீட் வகையையும் பாருங்கள்.

பணம் கட்டும் முன் டேப்பை எடுத்துச் சிங்குக்கு அடியில் அளந்து கொள்ளுங்கள். பெரிய மாடல்கள் உயரமும் அதிகம், கனமும் அதிகம். டிஸ்போசலின் வெளிவாய், சுவருக்குள் போகும் டிரெயின் குழாயைவிட மேலே இருக்க வேண்டும். ஆழமான சிங்க் போட்ட வீடுகளில் இங்கேதான் இடிக்கிறது. வயர் நேராக உள்ளே போகிறதா, பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல மாடல்களில் பவர் கார்டைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டில் செப்டிக் டேங்க் என்றால், என்னைக் கேட்டால் டிஸ்போசலே வேண்டாம். உணவுக் கழிவு டேங்கில் கசடாகச் சேர்ந்து, அடிக்கடி லாரி கூப்பிட வேண்டிவரும்.

மாட்டுவது பயப்படும் வேலை இல்லை. பழையதும் புதியதும் இன்சிங்கரேட்டர் என்றால் சிங்கோடு பிணைக்கும் மவுண்ட் பெரும்பாலும் ஒன்றேதான். சிங்கில் இருக்கும் வளையம் கசியாமல் இருந்தால் அதைத் தொடாமல், பழையதைத் திருகி இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றலாம். வளையத்தையும் மாற்றுவதானால் பிளம்பர்ஸ் புட்டியை (கசிவை அடைக்கும் களிமண் போன்ற பசை) கயிறுபோல் உருட்டி அடியில் வைத்து அழுத்த வேண்டும். கிரானைட் சிங்க் என்றால் புட்டி கறை பிடிக்கும், சிலிகான் போடுங்கள். பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகு கறுப்பைக் கறுப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் சேர்த்து வயர் நட் (முறுக்கி மாட்டும் பிளாஸ்டிக் மூடி) போட்டு, எர்த் வயரைப் பச்சை ஸ்க்ரூவில் முறுக்குங்கள். தூக்கிப் பிடித்துத் திருகும்போது கனம் கையை வலிக்க வைக்கும். அடியில் ஒரு பெயின்ட் டப்பாவும் அதன் மேல் இரண்டு புத்தகமும் வைத்துத் தாங்கக் கொடுத்தால் ஒற்றை ஆளாகவே முடித்துவிடலாம்.

டிஷ்வாஷர் குழாய் இதில் சேருகிறது என்றால், பக்கவாட்டுத் துளையை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் துண்டை மாட்டும் முன்பே ஸ்க்ரூடிரைவர் வைத்துத் தட்டி உடைத்து, உள்ளே விழுந்த துண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் டிஷ்வாஷர் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். எல்லாம் முடிந்ததும் சிங்கை அடைத்து, தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் பேப்பர் காட்டிக்கொடுக்கும்.

பயன்படுத்தும்போது முதலில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்து, பிறகு சுவிட்ச். அரைத்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடட்டும். மீந்த சோற்றை அள்ளிக் கொட்டாதீர்கள், அது ஊறி உப்பிக் குழாயில் பசையாக ஒட்டும். நெய்யும் வடைச்சட்டி எண்ணெயும் ஆறியபின் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

டிரெயின் குழாயைத் தாழ்த்த வேண்டியிருந்தாலோ, சிங்குக்கு அடியில் மின்சார இணைப்பே இல்லை என்றாலோ, நீங்களே இறங்காதீர்கள். முதலாவதற்கு லைசென்ஸ் உள்ள பிளம்பர், இரண்டாவதற்கு எலக்ட்ரீஷியன்.