ஹெவி மெட்டலுக்கு ஃப்ளாய்ட் ரோஸ் கட்டாயமா?

கேள்வி: இரண்டு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். ஹெவி மெட்டல் வாசிப்பதற்கென்றே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன். பெரும்பாலும் ரிதம்தான். சில பாட்டுக்கு வழக்கமான ஸ்டாண்டர்டு டியூனிங், சிலவற்றுக்கு கம்பிகளின் சுருதியை இறக்கி வாசிக்கும் டிராப் டி, டிராப் சி. மெட்டல் என்றால் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரிதம் வாசிப்பேன், டியூனிங்கை அடிக்கடி மாற்றுவேன் என்கிறீர்கள். இந்த இரண்டுக்குமே அசையாத பிரிட்ஜ்தான் தோது. (பிரிட்ஜ் என்பது கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்; ஃப்ளாய்ட் ரோஸ் அதில் அசையும் வகை.)

ஃப்ளாய்ட் ரோஸ் மோசமான பொருள் என்று சொல்லவரவில்லை. 1979-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு, கம்பிகளைக் கழுத்தின் உச்சியில் அவற்றைத் தாங்கும் நட்டிலும், பிரிட்ஜிலும் இறுக்கிப் பூட்டிவிடுகிறது. பிரிட்ஜிலிருந்து நீளும் பார் என்ற கைப்பிடியை அழுத்திக் கம்பிகள் தொளதொளவென்று தொங்கும் அளவுக்குச் சுருதியை இறக்கினாலும், கையை எடுத்ததும் பழைய சுருதிக்கே வந்துவிடும். இப்படிச் சுருதியைச் சட்டென்று தாழ இறக்கும் டைவ் பாம் உத்தியை அடிக்க வேண்டும் என்றால் இதற்கு ஈடு சொல்வது கஷ்டம்.

சிக்கல் எங்கே என்றால், பிரிட்ஜ் மிதக்கிறது. ஒருபக்கம் கம்பிகளின் இழுவை, மறுபக்கம் உடலுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுவை. இரண்டும் சமமாக இருக்கும்வரைதான் சுருதி நிற்கும். டிராப் டி-க்காக, மிகத் தடித்த ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கிப் பாருங்கள். கம்பிகளின் மொத்த இழுவை குறைகிறது, ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுக்கிறது, மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிவிடும். அவற்றைச் சரிசெய்தால் ஆறாவது கம்பி மறுபடி மாறும். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் முன்னால் ஆலன் கீயை எடுத்து நட்டின் பூட்டுகளைத் தளர்த்த வேண்டும். பிரிட்ஜில் சுருதியை லேசாகத் திருத்த உள்ள ஃபைன் டியூனரை மட்டும் திருகி ஒரு முழு சுரம் இறக்க முடியாது. டிராப் சி என்றால் ஆறு கம்பியுமே இறங்குகின்றன. பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கின் இழுவையையும் மாற்றியாக வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே செய்கிற வேலையா இது?

இன்னொன்று பாம் மியூட், அதாவது உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே கம்பிகள்மேல் வைத்து ஒலியை அடக்கி வாசிப்பது. மெட்டல் ரிதத்தின் உயிரே அதுதான். உள்ளங்கை சற்று பலமாக பிரிட்ஜ்மேல் பதிந்தால், மிதக்கும் பிரிட்ஜ் பின்பக்கம் சாயும், சுருதி லேசாக ஏறும். திரும்பத் திரும்ப வரும் வேகமான ரிஃப்பில் கை இறுகும்போது இது அப்பட்டமாகக் கேட்கும். பழகிய கை இதைச் சமாளித்துவிடும், ஆனால் தேவையில்லாமல் எதற்கு இந்தப் பயிற்சி? நடுப்பாட்டில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகுவது தனிக்கதை.

மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். லீட் (தனி வாசிப்பு) வாசிக்கும் கிர்க் ஹேமெட்டின் கிட்டார்களில் ஃப்ளாய்ட் ரோஸைப் பார்க்கலாம். ரிதம் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு பல வருடங்களாகப் பெரும்பாலும் அசையாத பிரிட்ஜோடுதான் மேடையேறுகிறார். ஒரே இசைக்குழு, ஆளுக்கு வேலை வேறு, பிரிட்ஜும் வேறு. அப்புறம், சத்தம் கனமாக இருக்க பிரிட்ஜைத் தேட வேண்டாம். அது பிக்கப்பும் ஆம்பும் உங்கள் வலது கையும் செய்கிற வேலை.

ஏற்கெனவே ஃப்ளாய்ட் ரோஸ் உள்ள ஒரு கிட்டார் மனதைப் பறித்துவிட்டதா? வாங்குங்கள், ஆனால் உள்ளே ஸ்பிரிங் குழியில் ஒரு மரக்கட்டையைச் செருகி பிரிட்ஜ் அசையாமல் அடைத்துவிடுங்கள். இருபக்கமும் அடைத்தால் கிட்டத்தட்ட அசையாத பிரிட்ஜ்தான். பாரை மறந்துவிட வேண்டும். அப்போதும் நட்டின் பூட்டுத் தொல்லை போகாது. எவர்டியூன் என்று வேறொரு பிரிட்ஜும் உண்டு. ஒவ்வொரு கம்பிக்கும் தனி ஸ்பிரிங் வைத்து இழுவையை மாறாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்டுடியோவில் அருமை, உங்களுக்கு இப்போது அவசியமில்லை.

அசையாத பிரிட்ஜில் இரண்டு வகை அதிகம் கண்ணில்படும். ஒன்று, கிப்சன் 1950-களில் கொண்டுவந்த டியூனோமேட்டிக். மற்றது, தட்டையான ஹார்டுடெயில். இதில் பலவற்றில் கம்பிகள் உடலைத் துளைத்துப் பின்பக்கத்திலிருந்து வரும். ஒலியில் எது உசத்தி என்ற சண்டைக்குள் போக வேண்டாம். டிராப் சி வாசிப்பதால் ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். இறங்கிய சுருதிக்குக் கனமான கம்பி வேண்டும். 10-52 செட்டில் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.052) தொடங்கலாம். தடித்த கம்பி எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். டியூனோமேட்டிக் ஒடுக்கமானது, சிலவற்றில் திருகு முழுக்கப் போயும் இடம் போதாது. ஹார்டுடெயிலில் பொதுவாகத் தாராளமாக இடம் இருக்கும். ஆகவே வாங்கும்போதே கிட்டாரை டிராப் சி-க்கு இறக்கச் சொல்லி, ஆறாவது கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாகக் காட்டி, சேடில் பின்னால் போக இடமும் இல்லையென்றால் வேறு கிட்டாரைப் பாருங்கள்.