ஜூன் மாதக் காலை எட்டரை மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறோம். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். மகளுக்கு ஜனவரியில் மூன்று வயது முடிந்தது. இதுவரை அத்தைதான், அதாவது என் மாமியார், அவளைப் பார்த்துக்கொண்டார். ஜூன் முதல் வாரம் அவர் பெங்களூருக்குப் போகிறார். நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவம். மூத்த பையன் அங்கே பள்ளிக்குப் போவதால் நாத்தனார் இங்கே வர முடியாது. அத்தை தீபாவளிக்குப் பிறகுதான் திரும்புவார்.

மகளைக் கேந்திரிய வித்யாலயாவின் மழலையர் வகுப்பான பால்வாடிகாவில் சேர்க்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. குலுக்கல் முடிவு தெரிய ஏப்ரல் ஆகிவிடும். கிடைத்தாலும் மூன்று மணி நேர வகுப்புதான் என்கிறார்கள். இதற்கிடையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு மழலையர் பள்ளியில் 20,000 ரூபாய் முன்பணம் கட்டினால் இடத்தை வைத்திருப்பார்கள். அங்கே மாலை ஆறு மணி வரை காப்பகமும் உண்டு. ஆனால் பிப்ரவரி 28-க்குள் கட்ட வேண்டும். சேராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது.

“கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிவதற்குள் எதற்கு 20,000-ஐத் தண்ணீரில் போட வேண்டும்?” என்கிறார் கணவர். என் மாதச் சம்பளம் 28,000. கட்டினால் காசின் அருமை தெரியாதவள் என்ற பெயர் வரும். கட்டாவிட்டால் தூக்கம் வராது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, மாற்று இடத்துக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்வியாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை ஒரு காகிதத்தை எடுத்து உங்கள் வீட்டின் ஒரு நாளை மணிவாரியாக எழுதிப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டரைக்கு நீங்கள் அம்பத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அத்தை பெங்களூரில் இருக்கிறார். குலுக்கலில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் வகுப்பு முடிந்து குழந்தை வெளியே வருகிறாள். வாசலில் நிற்பது யார்?

உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. குலுக்கலில் தோற்றால்தான் சிக்கல் என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வென்றாலும் அதே சிக்கல்தான். ஜூன் முதல் தீபாவளி வரை உங்கள் வீட்டுக்குத் தேவை மாலை வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம். அது இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நீங்கள் அதை மாற்று இடமாக நினைக்கிறீர்களே, இந்த ஆண்டுக்கு அதுதான் உங்கள் முதல் இடம். ஆகவே கட்டுங்கள் என்பதே என் பதில். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

முதலில் உங்கள் கணவரின் கவலையைப் பார்ப்போம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டணம் குறைவு, பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லை, வேறு ஊருக்கு மாற்றலானாலும் அங்குள்ள கேந்திரிய வித்யாலயாவில் குழந்தை தொடரலாம். ரயில்வேயில் இருக்கும் ஒருவர் இப்படி நினைப்பது முழுக்க நியாயம். ஆனால் பால்வாடிகா என்பதே 2022-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு எல்லாக் குழந்தைகளும் நேராக ஒன்றாம் வகுப்பில்தான் சேர்ந்தார்கள். அந்தக் கதவு இப்போதும் மூடவில்லை. ஆறு வயது முடிந்ததும் ஒன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். சேர்க்கையில் முதல் முன்னுரிமை மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு. இந்த ஏப்ரல் போனால் எல்லாம் போயிற்று என்ற பயம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். விண்ணப்பத்தையும் தவறாமல் போடட்டும். முன்பணம் கட்டுவதால் அந்த விண்ணப்பத்துக்கு எந்தத் தடையும் இல்லை. குலுக்கலில் பெயர் வந்து, மதியத்துக்கு மேல் குழந்தையை அழைத்து வந்து பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால், அப்போது 20,000 போகும். போகட்டும்.

அந்த 20,000 என்பது எவ்வளவு பணம்? உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. ஆள் இல்லாமல் நீங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை சம்பளமில்லா விடுப்பில் இருக்க நேர்ந்தால் போவது 1,12,000. அதுவும் விடுப்புக் கொடுத்தால்தான். கொடுக்காவிட்டால் வேலையே போகும். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது வேலையை விட்டு, “பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்பப் போகலாம்” என்று சொல்லிப் பிறகு போகவே முடியாமல் போன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் தங்கை அவர்களில் ஒருத்தி. அவள் அப்போது யாரோடும் சண்டை போடவில்லை, யாரும் அவளை வற்புறுத்தவும் இல்லை. ஒரு ஜூன் மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் கேள்வியை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. காசின் அருமை தெரியாதவள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் இருந்தால் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. பல இடங்களில் இது காகிதத்தோடு நின்றுவிட்டது. இருந்தாலும் வாயைத் திறந்து கேட்டால் வேறொரு சலுகையாவது, அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் அனுமதியாவது, கிடைக்க வாய்ப்பு உண்டு.

இனி பணம் கட்டும் முறை. இதில் நான் பட்டு அறிந்தவள். என் மகனுக்கு நான்கு வயதானபோது மதுரையில் ஒரு பள்ளியில் இடம்பிடிக்க முன்பணம் கட்டினோம். சின்ன ஜன்னல், உள்ளே ஒரு குமாஸ்தா, நீலக் கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம். கிழித்துக் கொடுத்ததை நான் படிக்காமல் நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது அதே குமாஸ்தா என் ரசீதை மேசைமேல் விரித்து ஒரு வரியின்கீழ் விரலை வைத்தார். “கட்டட வளர்ச்சி நிதிக்கு மனமுவந்து அளித்த நன்கொடை.” அந்த நாளில் எங்களுக்கு அது பெரிய தொகை. அவரும் கோபமாகப் பேசவில்லை, நானும் ஒன்றும் பேசவில்லை. படியிறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அழுகை வந்தது.

அதனால் ரசீதை ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன் படியுங்கள். என்ன பெயரில் வாங்குகிறார்கள் என்பது முக்கியம். “முன்பணம், முதல் பருவக் கட்டணத்தில் கழிக்கப்படும்” என்று இருந்தால் சேரும்போது உங்களுக்கு ஒரு காசும் நட்டமில்லை. “டெபாசிட்” என்றால் பள்ளியை விட்டுப் போகும்போது திரும்பத் தருவார்களா என்று கேளுங்கள். “நன்கொடை” என்று இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது ஒன்றாம் வகுப்புக்கு மேலும் நடத்தும் தனியார் பள்ளியின் பகுதி என்றால், கட்டண நிர்ணயக் குழு தங்களுக்கு நிர்ணயித்த தொகை என்ன என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் இயங்கும் குழு அது. பழைய வருமான வரி முறையில் உங்கள் கணவர் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு கேட்கிறார் என்றால் இன்னொரு செய்தி. டியூஷன் கட்டணத்துக்குத்தான் அது உண்டு. நன்கொடைக்கும் டெபாசிட்டுக்கும் கிடையாது.

தேதியைப் பற்றியும் பேசிப் பாருங்கள். 10,000 இப்போது, மீதி ஏப்ரல் கடைசியில் என்று கேட்பதில் தவறில்லை. ஏப்ரல் 30-க்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பாதியாவது திரும்புமா என்று கேட்பதிலும் தவறில்லை. அந்த இடத்தை அவர்கள் இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கத்தானே போகிறார்கள்? பதில் எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். அங்கே வேண்டாம் என்று முடிவானால் அன்றே போய்ச் சொல்லிவிடுங்கள். பணம் கட்டியாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மே கடைசி வரை பூட்டி வைக்காதீர்கள். உங்களைப் போலவே தூக்கம் வராத இன்னொரு தாய் அந்தக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பார்.

எல்லோருக்கும் நான் கட்டு என்று சொல்லமாட்டேன். பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருக்கிறார்கள், மூன்று வயதுக் குழந்தை என்றால் அவசரமே இல்லை. வாடகைப் பணத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டிய நிலை என்றாலும் வேண்டாம். இந்த வயதுக்கு அங்கன்வாடி இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது, மதியம் சாப்பாடும் உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கினார்கள். நடுத்தர வர்க்கத்துப் பெற்றோர் அங்கன்வாடியை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுக்குவது எனக்கு வருத்தம். உங்கள் தெருவில் இருப்பதை ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இடத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2025-இல் பார்த்தோம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை, மத்திய அரசின் நிதி வராத சிக்கலில் அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதற்குள் பள்ளி திறந்து நான்கு மாதம் ஓடிவிட்டது. கடைசியில், பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் புரட்ட முடியாமல் வீட்டில் காத்திருந்த ஏழைக் குழந்தைகளுக்கு அந்த ஆண்டு என்ன மிஞ்சியது? யாருக்காக அந்தச் சட்டம் வந்ததோ அவர்களே வாசலுக்கு வெளியே நின்றார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கடைசியாக ஒன்று. அந்தப் பள்ளியைப் பெற்றோருக்கென்று ஒதுக்கிய நேரத்தில் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது சுவரில் ஒட்டிய முயலும் யானையும்தான் தெரியும். ஒரு வேலை நாளில் மதியம் பன்னிரண்டரைக்கு வாசலுக்கு எதிரே நில்லுங்கள். குழந்தைகள் வெளியே வருவதைப் பாருங்கள். சட்டை நனைந்திருக்கும் பிள்ளைக்கு ஆயா மாற்றுச் சட்டை போட்டு அனுப்புகிறாரா? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, “ஏய், இங்க வா” என்று இழுக்கிறாரா? அழைக்க வந்தவர் யார் என்று பார்த்துத்தான் கதவைத் திறக்கிறார்களா? பிறகு மாலை ஐந்தரைக்கு இன்னொரு முறை போங்கள். காப்பகத்தில் கடைசியாக மிஞ்சும் இரண்டு மூன்று குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். உங்கள் மகள் அவர்களில் ஒருத்தியாக இருப்பாள். அந்தக் காட்சி உங்கள் வயிற்றைப் பிசைந்தால் 20,000-ஐக் கட்டாதீர்கள், வேறு இடம் தேடுங்கள். பிப்ரவரி 28-க்கு இன்னும் நாள் இருக்கிறது.

கணவரையும் கூட அழைத்துப் போங்கள். அந்த ஐந்தரை மணியை அவரும் பார்க்க வேண்டும்.

மனதுக்குப் பிடித்துப் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், மே மாதம் முழுக்க அத்தையும் பேத்தியும் மாலையில் அந்தப் பள்ளி வாசல் வரை நடந்து போய் வரட்டும். கதவைத் தொட்டுப் பார்க்கட்டும். அத்தை பெங்களூர் ரயில் ஏறும்போது குழந்தைக்கு அந்தத் தெரு பழகியிருக்கும்.

அன்புடன்.