பங்க்காரரைத் திட்டிப் பயனில்லை

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். கச்சா எண்ணெய் விலை சரிந்துவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள், எங்கள் பங்கில் பத்துப் பைசா குறையக் காணோம். ஆனால் நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்தால் அதே கம்பெனி பெட்ரோல் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் குறைவு. இதைக் கேட்கப்போய் பங்க் கேஷியரோடு வாக்குவாதமே ஆகிவிட்டது. விலையை யார்தான் வைக்கிறார்கள்?

பதில்: முதலில் அந்தக் கேஷியரோடு சமாதானமாகிவிடுங்கள். விலை மாறினால், பெரும்பாலான பங்குகளில் காலை 6 மணிக்குக் கம்பெனி சர்வரிலிருந்தே மெஷினில் வந்து உட்கார்ந்துவிடும். பங்க் முதலாளிக்குக்கூட அதில் கை வைக்க வழி கிடையாது. அவருக்குக் கிடைப்பது கம்பெனி நிர்ணயித்த கமிஷன், அதில்தான் பையன்கள் சம்பளம், கரண்ட் பில், ஆவியாகிப் போகிற பெட்ரோல் எல்லாம். நேற்று ஒரு லாரி லோடு இறக்கிவைத்து இன்று காலை விலை குறைந்தால் அந்த நஷ்டமும் அவர் தலையில்தான்.

விலை வைப்பது இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறைக் கம்பெனிகள். 2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலையை இவர்கள் பொறுப்பில் விட்டது, டீசலை 2014 அக்டோபரில். மாதத்தில் 1-ம் தேதியும் 16-ம் தேதியும் மாற்றிக்கொண்டிருந்தவர்கள், 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை என்றார்கள். அவர்கள் கணக்கு கச்சா எண்ணெயிலிருந்து நேராகத் தொடங்குவதில்லை. சுத்திகரித்த பெட்ரோல் வெளிநாட்டுச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது, டாலருக்கு எத்தனை ரூபாய், கப்பல் கூலி எவ்வளவு என்று பார்ப்பார்கள். கச்சா எண்ணெய் இறங்குகிற அதே வாரம் ரூபாயும் இறங்கினால் பாதி லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்தது வரி. டெல்லிக் கணக்கைச் சொல்கிறேன். 2025-ல் அங்கே லிட்டர் 94 ரூபாய் 77 காசு. இதில் டீலருக்குக் கம்பெனி போடும் விலை சுமார் 53 ரூபாய், மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 காசு, டீலர் கமிஷன் நாலு ரூபாய் சொச்சம், டெல்லி அரசின் வாட் வரி 15 ரூபாய் சொச்சம். கலால் வரி சதவீதக் கணக்கில் இல்லை, லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. சரக்கு விலை பாதியாகச் சரிந்தாலும், அரசே மாற்றாதவரை அந்தத் தொகை அசையாது. போதாக்குறைக்கு அந்த 21.90-ல் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்த அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு, மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் மத்திய அரசிடமே நின்றுவிட்டது. மாநிலங்கள் வாட்டைக் குறைக்க மூக்கால் அழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை சரிந்தாலும் நமக்கு வராது என்பதற்கு 2020-ஐ விட நல்ல உதாரணம் வேண்டாம். ஊரடங்கில் கச்சா எண்ணெய் அதலபாதாளத்துக்குப் போனது. மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் 10 ரூபாய் என்று கலால் வரியை ஏற்றி, பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 காசு ஆக்கிவிட்டார்கள். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்து 19.90-க்குக் கொண்டுவந்தார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள். அந்த 2 ரூபாயைக் கம்பெனிகளே ஏற்றுக்கொண்டதால் பங்கில் விலை மாறவில்லை, நம்மில் பாதிப் பேருக்கு ஏறியதே தெரியாது.

தினசரி விலை என்பதும் பெயரளவுக்குத்தான். 2021 நவம்பரிலிருந்து உத்தரப் பிரதேசம், பஞ்சாப் தேர்தல்கள் முடிகிறவரை நான்கரை மாதம் ஒரு காசு நகரவில்லை. முடிந்ததும் 2022 மார்ச் 22-ம் தேதி தொடங்கி 16 நாளில் 10 ரூபாய்! அப்புறம் பழையபடி பூட்டு. 2022-ல் நஷ்டத்துக்கு விற்றோம் என்று கம்பெனிகள் சொன்னது பொய்யல்ல, ஆனால் 2023-24-ல் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து சுமார் 81,000 கோடி லாபம் பார்த்தபோது நமக்குக் கிடைத்தது 2024 மார்ச்சில் 2 ரூபாய், அதுவும் தேர்தலுக்கு முன்.

வாஞ்சூருக்கு வருவோம். அது காரைக்கால் பகுதி, புதுச்சேரியைச் சேர்ந்தது, அதனால் அங்கே புதுச்சேரி வரி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு வாட் 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். புதுச்சேரி 2025 ஜனவரியில் கொஞ்சம் ஏற்றியும் நம்மைவிடக் குறைவுதான். அதற்காகத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போகவர 15 கிலோமீட்டர், வண்டி 50 கொடுக்கிறது என்று வைத்தால் 30 ரூபாய் சாலையிலேயே போய்விடும், குறைந்தது ஆறு லிட்டராவது போட்டால்தான் போட்ட பணமே திரும்பும். திருநள்ளாறு போகிற வழியில் போட்டுக்கொண்டால் லாபம்.

கேள்வி: ஒரே ஊரில் இரண்டு பங்குகளில் 20, 30 காசு வித்தியாசம் வருகிறதே, ஏமாற்றா?

பதில்: இல்லை. டிப்போவிலிருந்து பங்க் வரை டேங்கர் லாரி வாடகை விலையில் சேரும், தூரத்துக்குத் தக்கபடி மாறும். தனியார் பங்குகள் தங்கள் விலையைத் தாங்களே வைக்கும். ரூபாய்க் கணக்கில் வித்தியாசம் வந்தால் உங்கள் டேங்கில் போனது எக்ஸ்பி95, பவர் போன்ற பிரீமியம் பெட்ரோலா என்று பில்லைப் பாருங்கள். கேட்காமலே போட்டுவிடுகிற பங்குகள் இருக்கின்றன. வண்டி மேனுவலில் அது வேண்டும் என்று எழுதியிருந்தாலொழிய தேவையில்லை.

கேள்வி: ஜிஎஸ்டியில் சேர்த்தால் விலை குறையுமா?

பதில்: குறையலாம், மத்திய அரசும் மாநிலங்களும் வருமானத்தை விடச் சம்மதித்தால். இப்போதைக்கு அந்தப் பேச்சை நம்பி டேங்கைக் காலியாக வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: 100-க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் அளவில் ஏமாற்ற முடியாது என்கிறார்களே?

பதில்: மெஷின் லிட்டரை அளந்து ரூபாயைக் கணக்குப் போடுகிறது, அதற்கு 100-ம் 110-ம் ஒன்றுதான். ஏமாற்று நடப்பது வேறு மாதிரி. எனக்கே நடந்தது, 500-க்குச் சொன்னேன், பையன் 200-ல் நிறுத்திவிட்டு "சாரி சார், மீதி 300-க்குப் போடுறேன்" என்றான். மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவராமல் 200-லிருந்தே ஓடவிட்டு 300-ல் நிறுத்தினான். போட்டது 300-க்கு, என்னிடம் கேட்ட காசு 500. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சொன்னதால் தப்பித்தேன். நடுவில் நிறுத்தினால் முதலில் போட்டதற்கு ஒரு பில், ஜீரோ பார்த்துவிட்டு அடுத்தது.

அளவில் சந்தேகமா, ஐந்து லிட்டர் அளவைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். முத்திரை போட்ட கேன் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், காசு கேட்கக் கூடாது. 25 மில்லி வரை குறைவு ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழுள்ள முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள், பில்லோடு.