கப்பல் ஆஸ்பத்திரியில் வேலை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

மேர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக் கப்பலில், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் சில மாதம் தாதியாக இருந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஹட்டன் டவுனில் மரக்கறி வாங்கப் போனாலும் யாராவது நிறுத்தி விசாரிக்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

மிஸ், சம்பளம் எவ்வளவு வரும்? (தாதி, தலவாக்கலை)

சம்பளமே இல்லை. விமான டிக்கெட் நம் செலவு. நான் போனபோது கப்பலில் தங்கவும் சாப்பிடவும் மாதாமாதம் நானேதான் கட்டினேன். கத்தி பிடிக்கிற சர்ஜனுக்கும் இதே கதைதான். எனக்குச் சபையில் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்கள், மீதிக்குச் சீட்டு எடுத்தேன். யாராவது ‘கப்பல் நர்ஸ் வேலை, டொலரில் சம்பளம்’ என்று முன்பணம் கேட்டால் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் எலெக்ட்ரீஷியன். எனக்கு அங்கே என்ன வேலை? (பண்டாரவளை)

நிறைய. எங்கள் கப்பல் ‘குளோபல் மேர்சி’ 174 மீற்றர் நீளம், 12 தட்டு, ஆறு ஒபரேஷன் தியேட்டர். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும். சமையல்காரர், மெக்கானிக், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர், எல்லாருமே தொண்டர்கள். இங்கிலீஷ் மட்டும் பேச வரவேண்டும்.

மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. நோய் நொடி வராதா? (கொட்டகலை)

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்த பிறகு நமக்கு அந்த நினைப்பே இல்லை. அங்கே மாத்திரை தவறக்கூடாது. மகள் இப்போதுதான் ஏ லெவல் எழுதியிருக்கிறாள் என்றால், முதலில் ஒரு தொழிலைப் படிக்கட்டும் அம்மா.

மதம் மாற்றுவார்களா? (நோர்வூட்)

சியரா லியோனில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுக்கும் இலவசமாகத்தான் ஒபரேஷன். கப்பலில் ஜெபம் உண்டு, அதை மறைப்பதும் இல்லை. கட்டியை எடுக்க வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடு என்று யாரிடமும் கேட்டு நான் பார்க்கவில்லை.

நம்ம தோட்டத்திலேயே டாக்டர் இல்லை, நீங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போனது சரியா? (பொகவந்தலாவ)

இந்தக் கேள்வி எனக்குச் சுடும். என் தம்பி கொழுந்து லொறியில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பிறந்தவன். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் படித்து, மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். அவருடைய ஊரிலும் நோயாளிகள் இருந்திருப்பார்கள்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

கப்பலில் ஒரு தாயைப் பார்த்தேன். குழந்தைக்கு உதட்டுப் பிளவு. ஒபரேஷன் வரைக்கும் வாயைத் துணியால் மூடியேதான் வைத்திருந்தாள். ஊரில் பேய் பிடித்த பிள்ளை என்றார்களாம். நம் லயத்தில் கிரகணம் பட்ட பிள்ளை என்போம், அவ்வளவுதான் வித்தியாசம். இரவில் கட்டிலுக்குக் கீழே மெத்தை போட்டுப் படுப்பாள். காலையில் நான் போனால் ‘அவ் டி பொடி?’ என்பாள், அதாவது உடம்பு எப்படி. கிரியோ மொழி. நம்ம ஊர் ஆச்சி கேட்பது போலவே இருக்கும். தையல் பிரித்த அன்று கண்ணாடியைப் பிள்ளைக்குக் காட்டாமல் அவளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது புண்ணை எப்படிக் கழுவுவது என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் அவள் மொழியில் சொல்வார். அப்புறம் அவளைச் செய்து காட்டச் சொல்வோம். சரியாகச் செய்தால்தான் விடுவோம். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நானே எத்தனை பேருக்குச் சிங்களத்தில் எழுதிய துண்டை நீட்டி, ‘சரி, போங்க’ என்றிருக்கிறேன்! வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன். ஞாயிறு பின்னேரம் எங்கள் லயத்தில் யாராவது துண்டோடு வந்தால், மருந்தை எடுத்து வைத்து அவர்களையே சொல்லச் சொல்கிறேன்.

என்ன கொண்டு போகலாம்? (நானுஓயா)

ஸ்வெட்டர். வெளியே வெயில் கொளுத்தும், வார்டில் ஏசி. நுவரெலியாக் குளிர் கண்டவர்களுக்கு அது ஒன்றுமில்லை. தேயிலைத்தூள் இரண்டு பைக்கட் கட்டாயம். நான் ஒன்றுதான் கொண்டுபோனேன், பிலிப்பைன்ஸ் நர்ஸ்மார் இரண்டாம் வாரமே முடித்துவிட்டார்கள்.